பத்தாயிரம் முறை ஆடிப் பார்!

முடியுமா, முடியாதா என்று கேட்டுக் கேட்டே எத்தனை இளைஞர்கள் தொடங்காமல் போயிருக்கிறார்கள்! தேர்வுக்கு விண்ணப்பம் போடுமுன் கேட்கிறார்கள். மாவட்ட அணித் தேர்வுக்குப் பேருந்து ஏறுமுன் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, பாதிப்பேர் ஏறாமலே வீடு திரும்புகிறார்கள்.

தம்பி, கேட்பதில் தவறே இல்லை. நீ யாரிடம் போய்க் கேட்கிறாய் என்பதில்தான் தவறு. உன் பயத்திடம் கேட்கிறாய். அது தலையை ஆட்டி மறுக்கிறது. ஜாதகத்திடம் கேட்கிறாய், அது நேரம் சரியில்லை என்கிறது. ஊர்வாயிடம் கேட்கிறாய், அது சிரிக்கிறது. இந்த மூவரில் ஒருவராவது எண்ணிப் பார்த்துப் பதில் சொன்னார்களா? வாய்ப்பு நூற்றுக்கு இத்தனை என்று எடுத்துக் காட்டினார்களா?

எண்ணிச் சொல்ல ஒரு கருவி இருக்கிறது. உன் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியே போதும். ஓர் ஆட்டத்தை, ஒரு தொடரை, ஒரு முழுப் போட்டியை அதற்குள் பத்தாயிரம் முறை நடத்திப் பார்க்கலாம். எத்தனை முறை வெற்றி, எத்தனை முறை தோல்வி என்று எண்ணலாம். சிமுலேஷன் என்பது அவ்வளவுதான். ஆடிப் பார், எண்ணு, பிறகு பேசு. விளையாட்டு உலகம் இன்று இந்த முறையாலும் தன் வாய்ப்புகளை அளக்கிறது. நீயும் உன் வாய்ப்பை அளக்கக் கற்றுக்கொள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பூஜ்ஜியம் என்று யார் சொன்னது?

2024 ஐபிஎல்லை நினைத்துப் பார். ஏப்ரல் 21 அன்று கொல்கத்தாவில் பெங்களூரு அணி ஒரே ஒரு ரன்னில் தோற்றது. எட்டு ஆட்டங்களில் ஒரே வெற்றி, ஏழு தோல்வி. புள்ளிப் பட்டியலில் கடைசி இடம். மிச்சம் இருந்தவை ஆறு ஆட்டங்கள். ஆறிலும் ஜெயித்தால்தான் அடுத்த சுற்று என்ற பேச்சையே எடுக்க முடியும். அந்த அணியின் கதை முடிந்தது என்று ஊரே எழுதிவிட்டது.

கணினியிடம் கேட்போம். ஒவ்வோர் ஆட்டத்திலும் வெற்றி வாய்ப்பு சரிபாதி என்று வைத்துக்கொண்டு, அந்த ஆறு ஆட்டங்களையும் பத்தாயிரம் முறை நடத்தச் சொல். அவற்றில் ஏறத்தாழ 156 முறை ஆறுமே வெற்றியாக முடியும். அறுபத்து நான்கில் ஒரு பங்கு. சிறியதுதான். ஆனால் அது பூஜ்ஜியம் என்று சொன்னவன் எண்ணிப் பார்க்காதவன்!

இன்னொன்றும் செய். ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றி வாய்ப்பையும் 50 விழுக்காட்டிலிருந்து 60 ஆக்கிவிட்டு மீண்டும் ஓட்டு. 156 இருந்த இடத்தில் சுமார் 467 வரும். 70 ஆக்கி ஓட்டு. சுமார் 1,176 வரும். ஒவ்வோர் ஆட்டத்திலும் இருபது விழுக்காடு மேலேறினால், ஆறையும் வெல்லும் வாய்ப்பு ஏழரை மடங்காகிறது. பயிற்சி எதற்கு என்று கேட்பவனுக்கு இதைவிடத் தெளிவான பதில் உண்டா?

பெங்களூரு ஆறையும் வென்றது. மே 18 அன்று கடைசி லீக் ஆட்டத்தில் சென்னையை 27 ரன்களில் வீழ்த்தியது. பெங்களூரு, சென்னை, டெல்லி, லக்னோ என நான்கு அணிகள் தலா 14 புள்ளிகளில் நின்றன. ரன் ரேட்டில் முந்திய பெங்களூரு அடுத்த சுற்றுக்குள் நுழைந்தது. நம் சென்னை ரசிகர்களுக்கு அது கசந்த இரவு. கசந்தாலும் பாடத்தைப் படித்துக்கொள்வோம். கடைசி இடத்தில் நிற்பவனுக்கும் ஓர் எண் மிச்சம் இருக்கிறது. அந்த எண்ணை அறிந்துகொண்டு, அதை உயர்த்தப் பாடுபடுகிறவனே வீரன்.

நோய்ப்படுக்கையில் பிறந்த முறை

இந்த முறையைக் கண்டவரின் கதையைக் கேள். ஸ்டானிஸ்லாவ் உலாம் போலந்துக் கணித மேதை. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் அணு விஞ்ஞானிகளோடு பணியாற்றியவர். 1946-ல் அவரை மூளைக்காய்ச்சல் தாக்கியது. பேச்சு குழறியது. மண்டையோட்டைத் துளைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். பிழைத்தார். ஆனால் மூளையை நம்பி வாழ்ந்த அந்த மனிதரை ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இனி என்னால் சிந்திக்க முடியுமா? பழைய உலாம் இன்னும் உயிரோடு இருக்கிறானா?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் வேளையில் நண்பர் பால் எர்டிஷ் வந்து சேர்ந்தார். அவரும் பெரும் கணித மேதை. வீட்டுக்குப் போனதும் சதுரங்கம் ஆடலாம் வா என்றார். உலாமுக்கு உள்ளூர நடுக்கம். இருந்தும் காய்களை நகர்த்தினார். ஜெயித்தார். இன்னோர் ஆட்டம் ஆடினார்கள். அதிலும் ஜெயித்தார். போன நம்பிக்கை திரும்பி வந்தது.

ஓய்வு நாட்களில் அவர் தனியாகச் சீட்டு ஆடினார். சாலிடேர் ஆட்டம். ஆடிக்கொண்டிருந்தவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. சீட்டுகளைக் கலைத்துப் போட்டால் இந்த ஆட்டம் வெற்றியாக முடிய எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? சூத்திரத்தால் கணக்கிட முயன்றார். 52 சீட்டுகளின் வரிசைகள் கட்டுக்கடங்காமல் பெருகின. அவ்வளவு பெரிய கணித மேதைக்கே சூத்திரம் வசப்படவில்லை.

இந்த இடத்தில்தான் சாதாரண மனிதன் கேள்வியைக் கைவிடுகிறான். உலாம் சூத்திரத்தைக் கைவிட்டார், கேள்வியை விடவில்லை. நூறு முறை ஆடிப் பார்த்து, எத்தனை முறை வெற்றி என்று எண்ணினால் போதாதா என்று யோசித்தார். அந்த ஆண்டுதான் எனியாக் என்ற மாபெரும் மின்னணுக் கணினி உலகுக்கு அறிமுகமாகியிருந்தது. நூறு என்ன, ஆயிரக்கணக்கில் ஆடிப் பார்க்க இயந்திரம் வந்துவிட்டது! நண்பரும் கணித மேதையுமான ஜான் வான் நாய்மானிடம் சொன்னார். சீட்டாட்டத்தில் முளைத்த யோசனையை இருவரும் நியூட்ரான்களின் ஓட்டத்தைக் கணிக்கும் பணிக்குக் கொண்டுபோனார்கள். 1948-ல் எனியாக்கில் அந்தக் கணக்குகள் ஓடின. அதற்கான நிரல்களை எழுதியதில் வான் நாய்மானின் மனைவி கிளாராவுக்குப் பெரும் பங்கு உண்டு. உறவினர்களிடம் கடன் வாங்கிக்கொண்டு மான்டே கார்லோ சூதாட்ட விடுதிக்கு ஓடும் ஒரு மாமா உலாமுக்கு இருந்தார். அதை வைத்து மான்டே கார்லோ முறை என்று பெயர் சூட்டினார் சக விஞ்ஞானி நிக்கோலஸ் மெட்ரோபோலிஸ்.

எனக்குக் கணக்கு வராது என்று ஒதுங்குகிற தங்கையே, கவனி! கணக்கையே உயிராகக் கொண்டவர் சூத்திரத்தை ஓரம் வைத்துவிட்டு எண்ணத் தொடங்கினார். எண்ணத் தெரிந்த எவருக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று உனக்கு எண்ணத் தெரியாதா?

பத்து முறை விழுந்தால் தீர்ப்பா?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தென்னாப்பிரிக்கக் கணிதர் ஜான் கெரிச் டென்மார்க்கில் இருந்தார். 1940-ல் ஜெர்மானியப் படை அந்த நாட்டைப் பிடித்தது. கெரிச் தடுப்பு முகாமில் அடைபட்டார். போர் எப்போது முடியும் என்று தெரியாது. மனம் உடைந்து மூலையில் உட்கார அவருக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. அவர் ஒரு நாணயத்தை எடுத்துச் சுண்டத் தொடங்கினார். ஒவ்வொரு முறையும் தலையா பூவா என்று குறித்தார். பத்தாயிரம் முறை சுண்டினார்!

முதல் பத்தில் 4 தலை. நூறு முடிந்தபோது 44 தலை. அங்கே நிறுத்தியிருந்தால் நாணயம் கோணல் என்றுகூட ஒருவர் சொல்லியிருப்பார். அவர் நிறுத்தவில்லை. ஆயிரத்தில் 502. பத்தாயிரத்தில் 5,067. எண்ணிக்கை பெருகப் பெருக, விகிதம் பாதியை ஒட்டி வந்து நின்றது. பெரும் எண்களின் விதி என்று இன்று நாம் அழைப்பதை, கணித மேதை யாக்கோபு பெர்னூலி நிறுவி, 1713-ல் வெளிவந்த நூலில் சொன்னதை ஒரு கைதி தன் கட்டைவிரலால் சரிபார்த்துக் காட்டினார்.

சிமுலேஷனின் துல்லியத்துக்கும் இதுதான் அடிப்படை. சரிபாதி வாய்ப்புள்ள ஒன்றை நூறு முறை மட்டும் ஓட்டினால், விடை பத்து விழுக்காடு வரை மேலும் கீழும் அலையும். பத்தாயிரம் முறை ஓட்டினால் அலைச்சல் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். முயற்சி நூறு மடங்கானால் தடுமாற்றம் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. குறுக்கு வழி கிடையாது.

இப்போது உன் வாழ்க்கையைப் பார். இரண்டு நேர்காணலில் நிராகரித்தார்கள்; எனக்கு ராசியில்லை என்கிறாய். மூன்று ஆட்டத்தில் ரன் வரவில்லை. மட்டையை மூலையில் வைக்கிறாய். மூன்றை வைத்து எந்தக் கணினியும் முடிவு சொல்லாது. நீ மட்டும் உனக்கு எதிராக எப்படித் தீர்ப்பு எழுதலாம்? உனக்கு நீயே அநியாயம் செய்யாதே! முயற்சிகளைப் பெருக்கு. பிறகு உன்னை எடைபோடு.

மேதைக்கும் கண்ணால் காண வேண்டியிருந்தது

உள்ளுணர்வு சொல்வதை அப்படியே நம்புகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு பரிசுப் போட்டி. மூன்று கதவுகள். ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடுகள். நீ ஒரு கதவைக் காட்டுகிறாய். எது எங்கே என்று அறிந்த தொகுப்பாளர், மீதி இரண்டில் ஆடு இருக்கும் ஒரு கதவைத் திறந்து காட்டுகிறார். உன் கதவிலேயே நிற்கிறாயா, மற்றதற்கு மாறுகிறாயா என்று கேட்கிறார். மாறினால் என்ன, நின்றால் என்ன, இரண்டும் சரிபாதிதானே என்கிறது மனம்.

மாறுவதே மேல் என்று 1990-ல் பத்தி எழுத்தாளர் மெரிலின் வோஸ் சாவன்ட் அமெரிக்காவின் பரேட் இதழில் எழுதினார். மறுப்புக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. முனைவர் பட்டம் பெற்றவர்கள் பலர் அவரைக் கடுமையாகச் சாடினார்கள். அவர் அசையவில்லை. பள்ளி மாணவர்களே, வகுப்பறையில் ஆடிப் பாருங்கள் என்று அழைத்தார். ஆடிப் பார்த்தார்கள். அவர் சொன்னதே சரி. மாறுகிறவர் மூன்றில் இரண்டு முறை வெல்கிறார். நிற்கிறவர் மூன்றில் ஒரு முறைதான்.

இதை ஏற்க மறுத்த ஒருவர் யார் தெரியுமா? உலாமோடு சதுரங்கம் ஆடிய அதே பால் எர்டிஷ்! சுமார் 1,500 ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய மேதை. நண்பர் ஆன்ட்ரூ வாஸோனி விளக்கியபோதும் அவர் மனம் ஒப்பவில்லை. கடைசியில் வாஸோனி தன் கணினியில் அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினார். எண்கள் மூன்றில் இரண்டை நோக்கிச் சென்றதைக் கண்ணால் கண்ட பிறகே எர்டிஷ் ஒப்புக்கொண்டார்.

அந்த மேதைக்கு அதில் ஓர் இழிவும் இல்லை. உண்மை முன்னே வந்ததும் பிடிவாதத்தை விட்டவருக்குப் பெருமையே உண்டு. என்னால் முடியாது என்பது உன் மனத்தில் தோன்றும் ஓர் உணர்வுதான். எர்டிஷின் உள்ளுணர்வே பிசகியிருக்க, உன் தாழ்வுணர்ச்சி மட்டும் எப்படி வேதவாக்காகும்?

நூற்றுக்கு நாலு

இனி இந்தக் கட்டுரையின் நெஞ்சுக்கு வருகிறேன். 2024 ஜூனில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் பேசினார். 1,526 ஒற்றையர் ஆட்டங்கள் ஆடி, ஏறத்தாழ 80 விழுக்காட்டை வென்றவர். மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்த ஆட்டங்களில் எத்தனை விழுக்காடு புள்ளிகளை வென்றிருப்பேன்? அவரே விடையும் சொன்னார். வெறும் 54 விழுக்காடு!

நூறு புள்ளியில் 46-ஐ இழந்தவர்தான் உலகம் வியந்த ஃபெடரர். இது எப்படிச் சாத்தியம்? கணினியில் ஓட்டிப் பார். கணக்கு எளிமையாக இருக்க, எல்லாப் புள்ளியிலும் வாய்ப்பு ஒரே 54 என்று வைத்துக்கொள். பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒரு சமவாய்ப்பு எண்ணை எடு. 0.54-க்குக் கீழே இருந்தால் புள்ளி உனக்கு, இல்லையேல் எதிராளிக்கு. டென்னிஸ் விதிப்படி புள்ளிகளைக் கேம்களாக்கு, கேம்களைச் செட்டுகளாக்கு, செட்டுகளை ஆட்டமாக்கு. ஆயிரக்கணக்கில் ஓட்டு.

ஒரு புள்ளியில் 54 ஆக இருந்த வாய்ப்பு, ஒரு கேமில் சுமார் 60 ஆகும். ஒரு செட்டில் சுமார் 76. மூன்று செட் ஆட்டத்தில் சுமார் 86. ஐந்து செட் ஆட்டத்தில் சுமார் 91!

நிஜமான ஆடுகளத்தில் எதிராளி மாறுவார், சர்வீஸ் போடுகிறவருக்குச் சாதகம் இருக்கும், உடல் களைக்கும். எண்கள் சற்று ஏறும், இறங்கும். ஏணியின் அமைப்பு மட்டும் மாறாது. பாதிக்கு மேலே நாலே நாலு விழுக்காடு; அது புள்ளிக்குப் புள்ளி சேர்ந்து ஒரு சாம்ராஜ்யத்தைக் கட்டுகிறது.

தம்பி, உன்னிடம் யாரும் நூற்றுக்கு நூறு கேட்கவில்லை. நேற்றைய உன்னைவிட நூற்றுக்கு நாலு கூடுதல் கேட்கிறேன். தினம் அரைமணி நேரம் கூடுதல் பயிற்சி. ஒரு பாடத்தை இன்னொரு முறை புரட்டுதல். தோற்ற ஆட்டத்தின் காணொளியை மனம் கூசாமல் மீண்டும் பார்த்தல். இவை ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. ஆட்டம் நீளும்போது தெரியும்!

இன்னொன்றையும் குறித்துக்கொள். 46 புள்ளிகளை இழக்கும் நெஞ்சுரம் இல்லாதவனுக்கு அந்த 54 கிடைக்கவே கிடைக்காது. இழந்த புள்ளியை அந்தக் கணமே விட்டுவிட்டு அடுத்த புள்ளிக்கு நிமிர்ந்து நின்றார் ஃபெடரர். நீயும் நிமிர்ந்து நில்.

அதே விதி, எதிர்த் திசையில்

அந்த ஏணி மேலே மட்டும் ஏற்றும் என்று நினைத்துவிடாதே. கீழேயும் இறக்கும். இதைச் சொல்லாமல் போனால் உனக்குத் துரோகம் செய்தவனாவேன்.

ரூலெட் என்ற சூதாட்டத்தின் ஐரோப்பியச் சக்கரத்தில் 37 குழிகள். 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒன்று பச்சை நிறப் பூஜ்ஜியம். சிவப்பில் பணம் வைத்தால் வெல்லும் வாய்ப்பு 37-ல் 18, அதாவது 48.65 விழுக்காடு. பாதிக்கு ஒன்றரை விழுக்காடுகூடக் குறைவில்லை. கிட்டத்தட்ட சரிபாதிதானே என்று மனம் ஆசை காட்டும்.

கணினியில் ஓட்டு. கையில் நூறு ரூபாய். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ரூபாய். இருநூறு ஆகும்வரை, அல்லது கை காலியாகும்வரை ஆட்டம். ஆயிரம் பேரை இப்படி உட்கார வை. எத்தனை பேர் இருநூறோடு எழுந்திருப்பார்கள்? நானூறு? முந்நூறு? நாலைந்து பேர்தான்! மிச்சம் சுமார் 995 பேரும் வெறுங்கையோடு போவார்கள். மான்டே கார்லோ என்று சூதாட்ட விடுதியின் பெயரைச் சுமக்கும் முறையே அந்த விடுதியின் முகத்திரையைக் கிழிக்கிறது.

பாதிக்கு மேல் நாலு விழுக்காடு ஒருவரைச் சிகரத்தில் ஏற்றியது. பாதிக்குக் கீழே ஒன்றரை விழுக்காடுகூட இல்லாத குறை, ஆயிரத்தில் சுமார் 995 பேரைத் தெருவில் நிறுத்துகிறது. இரண்டு இடத்திலும் ஆளும் விதி ஒன்றே. அப்படியானால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? டென்னிஸ் மைதானத்தில் உன் வியர்வை உன் எண்ணை உயர்த்தும். ரூலெட் சக்கரத்தின் முன்னால் நீ இரவு பகலாக உட்கார்ந்தாலும் 37-ல் 18 என்பது 37-ல் 19 ஆகாது. உன் உழைப்பு நுழைய அங்கே வாசலே இல்லை.

கைப்பேசிச் சூதாட்டத்தில் சம்பளத்தையும் அம்மாவின் நகையையும் இழந்து, கடனில் மூழ்கி, உயிரையே விட்டவர்கள் நம் மண்ணில் உண்டு. அந்தக் கொடுமையைத் தடுக்கத் தமிழகச் சட்டப்பேரவை 2022-ல் மசோதாவே நிறைவேற்றியது. அடுத்த ஆட்டத்தில் விட்டதைப் பிடிப்பேன் என்று சொல்லிக்கொள்வது தன்னம்பிக்கை ஆகாது. எண்ணிப் பார்க்க மறுக்கும் மயக்கம் அது. உன் உழைப்பு வாய்ப்பை மாற்றும் களத்தில் இறங்கு. மாற்றாத களத்திலிருந்து இன்றே எழுந்து வா!

எண் உன் எல்லைக்கோடு ஆகுமா?

உலாமின் முறை வளர்ந்து வளர்ந்து ஒரு நாள் மனிதனையே எதிர்த்து ஆட வந்தது. 2016 மார்ச்சில் சியோல் நகரில் ஆல்ஃபாகோ என்ற நிரலும் கொரிய மேதை லீ செடோலும் கோ என்ற பலகை ஆட்டத்தில் மோதினார்கள். 19-க்கு 19 கோடுகள் கொண்ட பலகை. எல்லா வழிகளையும் கணக்கிட எந்தக் கணினியாலும் முடியாது. ஆகவே ஆல்ஃபாகோ, தான் கற்றறிந்த நரம்பு வலைப்பின்னலோடு மான்டே கார்லோ மரத் தேடல் என்ற முறையைச் சேர்த்துக்கொண்டது. ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால், அதன் பின்விளைவுகளைத் தனக்குள் ஆயிரமாயிரம் முறை ஆடிப் பார்த்தது.

முதல் மூன்று ஆட்டங்களிலும் லீ தோற்றார். ஐந்து ஆட்டத் தொடர் அப்போதே கையைவிட்டுப் போய்விட்டது. எழுந்து வீட்டுக்குப் போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நான்காவது ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார். 78-வது நகர்வாக நடுப்பலகையில் ஒரு கல்லை வைத்தார். ஒரு மனிதர் அந்த இடத்தில் வைக்க வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று இயந்திரம் மதிப்பிட்டிருந்த நகர்வு அது. ஆல்ஃபாகோ தடுமாறியது. அந்த ஆட்டத்தை லீ வென்றார். தொடர் 4–1 என்று முடிந்தது. ஆனால் உலகம் இன்றும் பேசுவது அந்த ஒன்றைப் பற்றித்தான்.

கணினி சொல்லும் எண், நேற்றுவரை நடந்ததிலிருந்து பிறந்த எண். நாளை நீ என்ன கற்றுக்கொள்வாய் என்பது அதற்குத் தெரியாது. வாய்ப்பு குறைவு என்று அது சொன்னால், இன்றைய நிலையில் குறைவு என்றே பொருள். அதை மதிக்கக் கற்றுக்கொள். அதற்கு அடிமையாகிவிடாதே.

இன்றிரவே தொடங்கு

நாளை என்று தள்ளாதே. ஒரு நோட்டை எடு. கபடி ஆடுகிறாயா? நூறு ரெய்டில் எத்தனை புள்ளியோடு திரும்பினாய் என்று குறி. கூடைப்பந்தா? நூறு ஃப்ரீ த்ரோவில் எத்தனை விழுந்தது என்று எழுது. கேரமா? வாலிபாலா? எதுவானாலும் எண்ணு. எண்ணும்போது பொய் சொல்லாதே. நாற்பது விழுந்ததை அறுபது என்று எழுதினால், கணினி ஒரு பொய்யைப் பத்தாயிரம் முறை திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான்.

பிறகு கைப்பேசியில் ஒரு விரிதாளைத் திற. எக்செல் போதும், கூகுள் ஷீட்ஸ் போதும். ரேண்ட் (RAND) என்ற செயற்கூறு பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஓர் எண்ணைத் தரும். உன் வெற்றி வாய்ப்பு 0.4 என்றால், அந்த எண் 0.4-க்குக் கீழே வரும்போது வெற்றி என்று எழுது. கீழே இழுத்து ஆயிரம் வரிகளாக்கு. வெற்றிகளை எண்ணு. பைத்தான் தெரிந்தால் பத்து வரியில் இதே வேலை முடியும். பத்தாயிரம் முறை ஓடக் கண் சிமிட்டும் நேரம் போதும். கெரிச் சிறைமுகாமில் விரல் வலிக்கச் செய்ததை உன் கைப்பேசி ஒரு நொடிக்குள் செய்து தருகிறது. இவ்வளவு பெரிய வலிமையைக் கையில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பாயா?

எண் வந்ததும் அதிரவும் வேண்டாம், ஆடவும் வேண்டாம். 0.4-ஐ 0.45 ஆக்கி ஓட்டு. தொடரின் முடிவு எப்படி மாறுகிறது என்று பார். எந்த ஒரு திறமையை உயர்த்தினால் முடிவு அதிகம் மாறுகிறது என்று கண்டுபிடி. பயிற்சியாளர் இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கும் இந்த வழிகாட்டி உண்டு. நாளைக் காலை மைதானத்துக்குப் போகும்போது எதைப் பயில வேண்டும் என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.

ஆசிரியர்களே, நிகழ்தகவுப் பாடத்தைப் பகடைப் படத்தோடு முடித்துவிடாதீர்கள். பிள்ளைகளை ஆட விடுங்கள், எண்ண விடுங்கள். பெற்றோர்களே, ஒரு மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளையின் எதிர்காலத்தை எழுதிவிடாதீர்கள். ஒரே ஒரு முறை சுண்டிப் பார்த்து நாணயத்தை யாரும் எடைபோடுவதில்லை.

தம்பி, தங்கையே! விதி என்று சொல்லிக்கொண்டு உட்காரும் காலம் போய்விட்டது. உன் வாய்ப்பு எவ்வளவு என்று எண்ணிப் பார். எண்ணியதை நூற்றுக்கு நாலு உயர்த்து. உயர்த்திய பிறகு ஒதுங்கி நிற்காமல் திரும்பத் திரும்பக் களத்தில் இறங்கு. பாதிக்கு மேல் நிற்பவன் நீண்ட ஆட்டம் ஆடினால், வெற்றி அவன் பக்கமே சாயும். இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. எத்தனை ஆயிரம் முறை ஓட்டினாலும் மாறாத கணக்கு. ஆடு, எண்ணு, உயர்த்து, மீண்டும் ஆடு!